கை ஒன்று, கை இரண்டு

காலை எட்டு மணிக்கே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்காவை மூன்றாம் மாடியில் தள்ளுபடுக்கையில் படுக்க வைத்து, கையில் ஊசியைச் செருகி, பச்சைத் துணியைப் போர்த்திவிட்டு, "ஒன்பது மணிக்கு உள்ள எடுத்துக்குவோம், அதுவரைக்கும் இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டுச் செவிலி போய்விட்டாள். ஒரு மணி நேரம்! அதற்குள் அவள் நாலு தடவை எழுந்து, நாலு தடவை உட்கார்ந்து, குட்டி போட்ட பூனை மாதிரி அந்த நடைவழியை அளந்துகொண்டிருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரி அவளுக்குப் புதிதல்ல. அவள் டாக்டரும் இல்லை, செவிலியும் இல்லை, செலவு ஆராய்ச்சிக்காரி. ஓர் அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி உண்மையில் என்ன செலவழிக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அதற்காக அறுவை அறையின் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பிரிக்கிற நூல், நனைகிற துணி, ஓடுகிற நிமிடம் எல்லாவற்றையும் படிவத்தில் குறித்துக்கொள்வாள். ஒன்றரை வருஷமாக இதே பிழைப்பு. அங்கே அவளுக்குப் பெயரே 'கடிகாரம்' என்றாகிவிட்டது. "கடிகாரம் வந்தாச்சு, வளவளன்னு பேசாம ஆரம்பிங்கப்பா" என்று மயக்க டாக்டர் கிண்டல் செய்வார். அவளும் சிரித்து வைப்பாள். வேறு என்ன செய்ய?

அவளுடைய படிவத்தில் ஒரு விசேஷம் உண்டு. கருவி யார் கையில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதற்கென்றே இரண்டு கட்டங்கள் போட்டிருந்தாள். கை ஒன்று என்றால் பெரிய டாக்டர். கை இரண்டு என்றால் அவரிடம் படிக்கிற பயிற்சி டாக்டர். கருவி கை மாறுகிற ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு பொத்தானை அழுத்துவாள். ஏன் இந்தத் தலைவலி என்றால், நிர்வாகம் ஏகப்பட்ட பணம் கொட்டி ஒரு பயிற்சி இயந்திரம் வாங்கியிருந்தது. திரையில் ஒரு வயிறு தெரியும். இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு அதற்குள் புகுந்து பித்தப்பையை எடுத்துப் பழகலாம். சதை எதிர்த்துத் தள்ளுவதுகூடக் கையில் தெரியும். முடிவில் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும். இனிமேல் எல்லாரும் இதிலேயே படிக்கட்டும், அறுவை அறையில் பாடம் நடத்தி நிமிடத்தை எதற்கு வீணாக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். அதற்குத்தான் கணக்குக் கேட்டார்கள். அவள் கை இரண்டின் நிமிடங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தாள். பயிற்சி டாக்டர் செய்தால் ஓர் அறுவைக்கு இருபத்திரண்டு நிமிடம் கூடுதல் ஆகிறது. ஆனால் அது வீண் செலவல்ல, அடுத்த டாக்டரை உண்டாக்குகிற செலவு என்று அறிக்கையின் பதினாலாம் பக்கத்தில் அடித்துச் சொல்லியிருந்தாள். பயிற்சியாளர் கையில் கருவியைக் கொடுக்கும் தாராள மனம் என்று பெரிய டாக்டரைப் பாராட்டி ஒரு வரியும் சேர்த்திருந்தாள்.

இவ்வளவும் எழுதிய மகராசி, தன் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்றதும் என்ன செய்தாள் தெரியுமா? திங்கட்கிழமை நேராகப் பெரிய டாக்டர் அறையில் போய் நின்றாள்.

"சார், அக்காவுக்கு நீங்களேதான் பண்ணணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நாளன்னைக்கு அது சின்னவளோட கேஸ். பட்டியல்ல போட்டாச்சேம்மா."

சின்னவள் என்று அவர் சொன்னது பயிற்சி டாக்டரை. கடைசி வருஷத்தில் இருக்கிற பெண்.

"தெரியும் சார். அவங்க நல்லாத்தான் பண்றாங்க. இருந்தாலும்..."

"பதினாலாம் பக்கத்துல என்னமோ எழுதியிருந்தியே?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "அது அறிக்கை சார். இது அக்கா."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கினார், மறுபடி கலைத்தார். அப்புறம், "சரிம்மா, நானே பண்றேன்" என்றார்.

அவள் ஒரு பெருமூச்சு விட்டு வெளியே வந்தாள். அம்மா போன பிறகு அவளுக்கென்று இருக்கிற ஒரே ஆள் அக்காதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி நடத்தி, நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவன் வண்டியைக் கொண்டுபோய் எதிலும் முட்டாமல் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்துக் காலே வீங்கிப்போய், அந்தச் சம்பாத்தியத்தில் தங்கையைப் படிக்க வைத்தவள். அந்த அக்கா வயிற்றில் யாரோ பழகுவதா? நடக்கிற கதையா! பட்டியலில் தன் பெயரை அடித்திருப்பதைப் பார்த்த சின்னவள், மறுநாள் எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். போனால் போகட்டும் என்று இவளும் விட்டுவிட்டாள்.

இப்போது அக்காவே பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தாள்.

"உக்காருடி. உன்னைப் பாத்து எனக்குக் கண்ணைச் சுத்துது."

"உக்காந்துதானே இருக்கேன்."

"எங்க உக்காந்திருக்க? முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவன்கூட இப்படிப் பதற மாட்டான். போ, வேலை ஏதாவது இருந்தா பாத்துட்டு வா. நான் எங்கயும் எந்திரிச்சு ஓடிட மாட்டேன்."

வேலை இருக்கத்தான் இருந்தது. புதன்கிழமைதோறும் பயிற்சி இயந்திரத்தின் பதிவேட்டை இறக்கிக்கொள்ள வேண்டும். யார் எத்தனை முறை பழகினார்கள், என்ன மதிப்பெண் என்று அதில் தானாகவே ஏறிவிடும். கையைச் சும்மா வைத்திருப்பதற்கு அதையாவது செய்யலாம் என்று நடைவழியின் கோடிக்குப் போனாள்.

இயந்திர அறைக்கு ஜன்னல் கிடையாது. புது பிளாஸ்டிக் வாடை இன்னும் போகவில்லை. திரைக்குப் பக்கத்தில் பாதி குடித்த டீ ஒன்று இருந்தது. தொட்டுப் பார்த்தாள், சூடு ஆறவில்லை. இத்தனை காலையில் எந்தப் பயிற்சி டாக்டருக்கு இவ்வளவு அக்கறை என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே பதிவேட்டைத் திறந்தாள். சின்னவளின் பெயரில் மூன்று முயற்சிகள்: தொண்ணூற்றொன்று, தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று. சபாஷ். அதற்குக் கீழே 'விருந்தினர்' என்ற பெயரில் யாரோ. நேற்று மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்து நாலு முயற்சி, இன்று காலை ஐந்தரையிலிருந்து இன்னும் ஐந்து. எல்லாமே பித்தப்பை. எழுபத்தொன்று, அறுபத்தாறு, அறுபத்தெட்டு, ஐம்பத்தொன்பது... கடைசியாக ஐம்பத்து நாலு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கை நடுக்கம் என்ற இடத்தில் சிவப்பு. இரண்டு முயற்சிகளில், தவறான குழாய் வெட்டப்பட்டது என்று எச்சரிக்கை.

யார் இந்தப் பாவி என்று நினைத்துக்கொண்டே வலது ஓரத்துக்குக் கண்ணை ஓட்டினாள். கைப்பிடி அமைப்பு: இடது கை.

அந்த அறுவைப் பிரிவு முழுக்கத் தேடினாலும் இடது கைக்காரர் பெரிய டாக்டர் ஒருவர்தான். அவருக்காகத்தான் கருவித் தட்டையே மாற்றி அடுக்குவார்கள்.

மடிக்கணினியைத் தரையிலேயே வைத்துத் திறந்தாள். நூற்று நாற்பத்தாறு படிவங்கள். இதுவரை அவள் கூட்டிப் பார்த்ததெல்லாம் கை இரண்டைத்தான். நிர்வாகம் கேட்டது பாடம் நடத்துகிற செலவை, அது கை இரண்டில்தானே இருக்கிறது? கை ஒன்றை யார் பார்த்தார்கள்! இப்போது அதைத் தேதிவாரியாக இறக்கினாள். ஆரம்பத்தில் முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பது. அப்புறம் பதினேழு, பன்னிரண்டு. அப்புறம் ஆறு. கடைசி ஐந்து மாதங்களில் பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம் என்று கீழே வரைக்கும் போயிற்று. ஒவ்வொரு பூஜ்யத்தையும் தன் கையால் குறித்தவள் அவள்தான். கண்ணெதிரே நடந்திருக்கிறது, அதைப் பார்த்து 'தாராள மனம்' என்று எழுதியிருக்கிறாள். அட மண்டூகமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மணி எட்டு முப்பத்தெட்டு. கணினியை மூடக்கூட இல்லை, ஓடினாள்.

அறுவை அறைக்கு வெளியே கை கழுவுகிற நீளமான தொட்டி. அதற்கு முன்னால் தரையில் ஒரு சிவப்புக் கோடு. வெளிச் செருப்போடு அதைத் தாண்டக் கூடாது. பெரிய டாக்டர் முழங்கை வரைக்கும் நுரையோடு நின்றிருந்தார். அவள் கோட்டுக்கு இப்பால் மூச்சு வாங்க நின்றாள்.

"சார், அந்த விருந்தினர் நீங்கதானே?"

அவர் எந்த விருந்தினர் என்று கேட்கவில்லை. விரல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டே, "எவ்வளவு பாத்த?" என்றார்.

"எல்லாத்தையும். அம்பத்து நாலு வரைக்கும்."

"நேத்து முதல் தடவையே எழுபத்தொண்ணு வந்துச்சும்மா. கொஞ்சம் பழகுனா எண்பதுக்குப் போயிடும்னு நினைச்சேன். பழகப் பழகக் குறையுது."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்கிட்ட சரின்னு சொன்னீங்களே சார்! முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? அங்க படுத்திருக்கிறது எங்க அக்கா சார்!"

உள்ளே கருவி எண்ணிக்கொண்டிருந்த செவிலி திரும்பிப் பார்த்தாள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"முப்பது வருஷமா எத்தனையோ பேர் வந்து நீங்களே பண்ணுங்கன்னு கேட்டிருக்காங்க. ஒருத்தருக்கும் நான் இல்லைன்னு சொன்னதில்ல. நீ கேட்டப்போ, சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். வரலை."

அவளுக்கு இரக்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எது முதலில் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சரி சார், விடுங்க. சின்னவங்களே பண்ணட்டும். நீங்க எப்பவும்போல எதிர்ல நில்லுங்க, போதும்."

அவர் முழங்கையால் குழாயை மூடினார். "நின்னு?"

"நின்னு... பாத்துக்குங்க."

"அவ கை தப்புனா கருவியை யாரும்மா வாங்குவா? நான் எதிர்ல நிக்கிறது எதுக்குன்னு நினைச்ச, வேடிக்கை பாக்கவா?"

ஐந்து மாதங்கள். அத்தனை பேரும் மயக்கத்தில் கிடக்க, அத்தனை பேருக்கும் எதிரே இந்த மனிதர் நின்றார். தப்பு எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான். நடந்திருந்தால் பிடிப்பதற்கு ஆள் இல்லை.

"நாப்பத்தோரு பேர் சார்" என்றாள்.

"தெரியும். எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்." கழுவிய கைகளை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி அவர் திரும்பினார். இடது கை விரல்களிலிருந்து தண்ணீர் ஒழுங்கில்லாமல் சொட்டியது. "என் சட்டைப் பையில போன் இருக்கு. எடு. ரெண்டாவது யூனிட்காரனைக் கூப்பிடு."

ரெண்டாவது யூனிட் டாக்டர் ஒருகாலத்தில் இவரிடம் படித்தவர். தலைமைப் பதவிக்கு நடந்த போட்டியில் இருவருக்கும் முட்டிக்கொண்டு, இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. லிஃப்டில் சேர்ந்து மாட்டிக்கொண்டால்கூட ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்கள். அவள் செருப்போடு சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய், போனை எடுத்து, அவர் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் பேசறேன்... ஒன்பது மணி கேஸுக்கு நீ வந்து எதிர்ல நிக்கணும்... பண்றது சின்னவ. எனக்குப் பதிலா நீ நிக்கணும்... இல்ல, எனக்கு வேற வேலை ஒண்ணும் இல்ல. கை நடுங்குது... அஞ்சு மாசமா." மறுமுனையில் போட்ட சத்தம் அவளுக்கே கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஆமா. ஆமா. எல்லாம் சரிதான். மிச்சத்தை அப்புறம் திட்டு. இப்போ வா."

அவள் போனைத் திருப்பிப் பையில் போட்டாள்.

"சின்னவளை நீயே போய்க் கூப்பிடு" என்றார். "நீ கேட்டுத்தானே அவளைப் பட்டியல்லேருந்து எடுத்தேன்."

சின்னவள் முதல் மாடியில் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் எழுதுவதை நிறுத்தாமல், "சொல்லுங்க மேடம்" என்றாள், வெட்டுகிற குரலில். பூசி மெழுக நேரமில்லை. நின்ற நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்: தான் கேட்டது, அவர் சரி என்றது, இயந்திரம் போட்ட மதிப்பெண், போனில் சொன்னது.

சின்னவளின் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ இத்தனை நாள், நான் தனியாவா பண்ணிட்டு இருந்தேன்?"

இவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"சார் இருக்கார்ங்கிற தைரியத்துலதான் மேடம் நான் கையே வெச்சேன்."

"இன்னைக்கு எதிர்ல ஆள் இருப்பாங்க. ரெண்டாவது யூனிட் டாக்டர் வர்றார். நீங்க வாங்க. தயவுசெஞ்சு வாங்க. நான் அன்னைக்குக் கேட்டது பயத்துல கேட்டது. உங்களை நம்பாம இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். நம்பலைதான்."

சின்னவள் எழுந்து, கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

அக்காவிடம் பெரிய டாக்டரே போய்ச் சொன்னார். படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். "நான் பண்றதா இருந்துச்சும்மா. ஆனா என் கை இப்போ சரியில்ல. இந்தப் பொண்ணு பண்ணுவா, முப்பதுக்கு மேல பண்ணியிருக்கா. இன்னைக்கு வேண்டாம்னா தள்ளி வெச்சுக்கலாம், உங்க இஷ்டம்."

அக்கா சின்னவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பக்கத்து சீட்ல யாரு?"

"ரெண்டாவது யூனிட் பெரிய டாக்டர்."

"அவருக்கு பிரேக் பிடிக்கத் தெரியும்ல?"

"தெரியும்" என்றார் பெரிய டாக்டர். "என்னைவிட நல்லாவே தெரியும்."

"அப்போ வண்டியை எடுங்க. மறுபடியும் ஒரு நாள் பட்டினி கிடக்க என்னால ஆகாது." புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தங்கையிடம் திரும்பினாள். "ஏன்டி, அரை மணி நேரம் வெளிய விட்டா ஆஸ்பத்திரியையே தலைகீழா மாத்திட்டு வந்து நிக்கிற?"

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அக்காவின் கால் விரலைத் துணியோடு சேர்த்து ஒரு தடவை இறுக்கிப் பிடித்தாள். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், அதே அறுவை உடுப்போடு. பெஞ்சிலிருந்த மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். முப்பது வருஷத்தில் அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. கதவு திறக்கிற போதெல்லாம் எழுந்தார். யாரோ குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்கள், உட்கார்ந்தார். யாரோ ரத்தப் பையைக் கொண்டுபோனார்கள். அது பக்கத்து அறைக்கு என்று தெரிகிற வரைக்கும் நின்றார்.

"எவ்வளவு ஆச்சு?"

"அறுபத்தெட்டு நிமிஷம் சார்."

"ஏன் இவ்வளவு நேரம்?"

"சின்னவங்க பண்ணா சராசரி எழுபத்தாறு சார்."

"அது எனக்குத் தெரியாதாம்மா?" என்று எரிந்து விழுந்தார். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள இருக்கும்போது இவ்வளவு தெரியாது. இங்க உக்கார்ற நேரத்தை உன் கணக்குல எங்கயாவது போட்டிருக்கியா?"

"இல்ல சார். ஆஸ்பத்திரிக்கு இதுல செலவு ஒண்ணும் இல்லையே."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். எதிரே ஒரு குழந்தை பெஞ்சின் அடியில் புகுந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"கை ஒண்ணையும் அறிக்கையில போட்டாகணும் சார்" என்றாள் அவள்.

"போடு. அந்தத் தாராள மனம்னு ஒரு வரி இருக்குமே, அதை முதல்ல எடு."

எழுபத்தாறு தாண்டியது. எண்பது தாண்டியது. அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மனதுக்குள் நூற்று நாற்பத்தாறு படிவங்களையும் புரட்டினாள். எண்பதைத் தாண்டியவை எத்தனை, அவற்றில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் கதவு திறந்தது. சின்னவள் தலைத்துணியோடு வெளியே வந்தாள். வந்தவள் பழக்கத்தில் நேராகப் பெரிய டாக்டரிடம் போய் நின்றாள்.

"சார், முடிஞ்சுது சார். குழாய்..."

"என்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றார் அவர். "சொந்தக்காரங்க அவங்க."

சின்னவள் திரும்பினாள். முகமெல்லாம் வியர்வை, உதட்டில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. "அக்கா நல்லா இருக்காங்க மேடம். கண்ணு முழிச்சாச்சு. வண்டியை நிறுத்தியாச்சான்னு கேட்டாங்க."

அவள் அப்படியே சின்னவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வாய்விட்டு அழுதாள், பெஞ்சிலிருந்த அத்தனை பேர் முன்னாலும்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாது" என்றாள் சின்னவள். "நடுவுல ஒரு இடத்துல ரத்தம் வந்துச்சு. எனக்குக் குழாய் தெரியலை, கை தடுமாறிடுச்சு. ரெண்டாவது யூனிட் சார் கருவியை வாங்கிட்டார். ரெண்டே நிமிஷம்தான். ரத்தத்தை நிறுத்திட்டு என்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டார்."

பெரிய டாக்டர் இதைக் கேட்டார். நின்றுகொண்டிருந்தவர் பின்னால் கையை நீட்டி, பெஞ்சு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்து, மெதுவாக உட்கார்ந்தார். அக்காவைப் படுக்கையில் தள்ளிக்கொண்டு வந்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை.